சுடுகிறது என்று அறியுமுன்

காய்ந்த தோசைக்கல்லில் விரல் பட்டதும், சுடுகிறது என்று மனம் உணர்வதற்கு முன்னரே கை தானாகப் பின்வாங்கிவிடுகிறதே, அந்த ஆக்ஞையை இடுவது சிரசிலுள்ள மூளை அன்று. முதுகெலும்பினுள்ளே, சுண்டுவிரல் பருமனில், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கும் தண்டுவடமே ஆகும். உணர்ச்சி நரம்பு கொணரும் செய்தியை அங்கேயே வாங்கி, இயக்க நரம்பின் வாயிலாகப் புஜத்தின் தசைக்கு அது உத்தரவு அனுப்பிவிடுகிறது. மூளைக்குத் தகவல் எட்டி, வலி என்னும் அனுபவம் உதயமாவது சற்றுப் பின்னர்தான். நரம்பில் செய்தி பாயும் வேகத்தை அளக்கவே இயலாது என்று யோஹன்னஸ் முல்லர் போன்ற உடலியல் மேதைகளே கருதியிருக்க, அவருடைய சிஷ்யரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850ஆம் ஆண்டில், தவளைக் காலின் நரம்பொன்றைக் கொண்டு அதை அளந்து, விநாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று கண்டார். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! சுட்ட இடத்தில் பிறகு தோன்றும் எரிச்சலைச் சுமந்து வரும் மெல்லிய நரம்பிழைகளோ பரம நிதானம். விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே.