பூட்டு உடையவில்லை... ஆனால் கடை முடங்கும்! ஓப்பன்எஸ்எஸ்எல் பிழை சொல்லும் பாடம்

ஆடி 18 வந்தால் சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். வெளியூர் ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரம் அது. அப்போது பார்த்து அச்சகத்தின் இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? பணம் திருடு போகவில்லை, தகவலும் கசியவில்லை. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தானே!

இப்படி முடக்குவதற்கு 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர். வழக்கமாக, போலிக் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் அனுப்பி சர்வரைத் திணறடிப்பார்கள். ஆனால், ஒரே ஒரு போலிச் சான்றிதழே போதும் என்று காட்டியது 2022-ல் வெளிவந்த ஒரு பிழை.

காவலாளியிடமே ஓட்டை

இணைய முகவரி 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், நாம் அனுப்பும் தகவல் ரகசியக் குறியீடாக மாறிச் செல்கிறது என்று பொருள். உலகம் முழுக்க ஏராளமான சர்வர்களில் இந்த வேலையைச் செய்வது, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள். அதில் இருந்த பிழையைக் கூகுளைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி 2022 பிப்ரவரி 24-ல் தெரிவித்தார். மார்ச் 15-ல் பிழை நீக்கிய பதிப்புகள் (1.1.1என், 3.0.2) வெளியாகின. பிழையின் பதிவு எண் சிவிஇ-2022-0778.

பிப்ரவரி 30-ஐத் தேடும் ஊழியர்

'பிப்ரவரி 30-ம் தேதித் தாள் கிடைக்கும்வரை புரட்டு' என்று ஒரு ஊழியரிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் காலண்டரைப் புரட்டிக்கொண்டே இருப்பார். மற்ற வாடிக்கையாளர்கள் காத்துக் கிடப்பார்கள்.

இங்கும் அதே கதைதான். சான்றிதழைப் படிக்கும்போது ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு கணக்குப் போடுகிறது. அதற்குப் பகா எண் கொடுத்தால்தான் விடை வரும். வேண்டுமென்றே வேறு எண்ணைப் பொதித்துச் சான்றிதழ் அனுப்பினால், கணக்கு முடியவே முடியாது. கையெழுத்து உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு நடப்பதால், போலிச் சான்றிதழே போதும்.

யாருக்கு ஆபத்து?

வெளியாரிடம் சான்றிதழ் வாங்கிப் படிக்கும் எல்லோருக்கும். வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களை ஏற்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் இதில் அடக்கம். சிறிய கடைகளின் தளங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொது சர்வரில்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவரும் வம்பு நம் வீட்டையும் பாதிக்கலாம்.

என்ன செய்யலாம்?

* தளத்தைப் பராமரிப்பவரிடம் ஓப்பன்எஸ்எஸ்எல் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அதில் ஓடினால் மாறச் சொல்லுங்கள்.
* பாதுகாப்பு அப்டேட்டை 'சீசன் முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள்.
* நிறுவனத்தின் தளம் தாக்கப்பட்டால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

மருந்து வந்துவிட்டது என்பதாலேயே நோய் போய்விடாது, சாப்பிட்டால்தான் போகும். தளம் தொடங்கிய நாளோடு பராமரிப்பை மறந்தவர்கள், இன்றே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது!