போர்க்கைதி முகாமில் ஒலித்த இந்தியத் தாளங்கள்

வயலின், செல்லோ, பியானோ ஆகிய மூன்றும் இணையும் சேம்பர் இசை மேற்கில் நெடுங்கால மரபு. அவற்றுடன் கிளாரினெட்டையும் சேர்த்து பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் எழுதிய 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை', 1941 ஜனவரி 15 அன்று கோர்லிட்ஸ் நகரில் இருந்த ஜெர்மானியப் போர்க்கைதிகள் முகாமில் அரங்கேறியது. கிளாரினெட் சேர்ந்ததற்குக் காரணம் எளிது. அக்கருவியை வாசிப்பவர் ஒருவரும் அங்கே கைதியாக இருந்தார். பியானோவில் மெசியானே அமர்ந்தார். சக கைதிகளும் காவலர்களும் கேட்டனர்.

இப்படைப்பின் தாளக் கணக்கு இந்தியாவிலிருந்து சென்றது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி அரசவையில் இருந்த சார்ங்கதேவர், 'சங்கீத ரத்னாகரம்' நூலில் 120 தேசி தாளங்களைத் தொகுத்தார். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றின் வழியே அப்பட்டியலை அறிந்திருந்த மெசியான், ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் ஆகியவற்றை இணைத்து, முதல் பகுதியில் பியானோவுக்கு 17 கால அளவுகள் கொண்ட சுற்றை அமைத்தார். அதன்மேல் 29 சுரக்கூட்டுகள் தனிச் சுற்றாக ஓடுகின்றன. இரண்டும் பகா எண்கள் என்பதால், தொடங்கிய இடத்தில் அவை மீண்டும் சந்திக்க 493 அளவுகள் தேவை. அதற்கு வெகு முன்பே அப்பகுதி முடிந்துவிடுகிறது.

தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய செவிகள் கோர்வை சமத்தில் வந்து சேர்வதை எதிர்பார்க்கும். இங்கே அந்தச் சமம் வருவதே இல்லை. சீரான தாளக்கட்டிலிருந்து காலத்தை விடுவிப்பதே மெசியானின் நோக்கம். எட்டாவது, இறுதிப் பகுதியில் வயலினும் பியானோவும் மட்டுமே எஞ்சி, மிக மெதுவாக மேலேறி அடங்குகின்றன.