இரு தோல்வியும் ஒரு வெற்றியும்

தோற்கும் ஆட்டம் ஒன்று. தோற்கும் ஆட்டம் மற்றொன்று. இவ்விரண்டனையும் மாறி மாறி ஆடினால் வெற்றி விளையுமோ? விளையாது என்றே யாவரும் விடை பகர்வர். நஞ்சொடு நஞ்சு கலப்பின் அமுதாகுமோ என நகையாடுவாரும் உளராவர். ஆயினும், சில இடங்களில் அவ்வாறு விளைதல் உண்மையே எனக் கணித நூலார் நிறுவியுள்ளனர். இவ்வுண்மை எவ்விடத்துச் செல்லும், எவ்விடத்துச் செல்லாது என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

எம்மை இதன்கண் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற விடுமுறையில், ஆவடி செல்லும் மின்சார இரயிலில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எம்முடன் உரையாடினார். கைப்பேசியிற் சீட்டாடியும் பந்தயங் கட்டியும் மூன்று மாத ஊதியத்தை இழந்தவர் அவர். “தம்பி, தோற்கிற ஆட்டம் இரண்டைக் கலந்து ஆடினால் ஜெயிக்கலாம் என்று கணக்கே இருக்கிறதாமே, நீங்கள் படிக்கிறவர்கள், மெய்தானா சொல்லுங்கள்” என்று வினவினார். அன்று யாம் விடையறியாது விழித்தோம். அன்று சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

நம் இல்லங்களிற் சிறுவர் புளியங்கொட்டையைக் கையில் மூடி, ‘ஒற்றையா, இரட்டையா’ என்று ஆடுவதை யாவரும் அறிவர். அவ்வொற்றையும் இரட்டையுமே கொண்டு இரண்டு ஆட்டங்களை அமைத்துக்கொள்வோம். நம் கையில் 100 புளியங்கொட்டைகள் உள்ளன. முதலாட்டத்தின் விதி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கொட்டை கொடுத்துவிடவேண்டும் என்பது. இதனை மட்டும் ஆடின் 100 சுற்றுகளிற் கை வெறுமையாகும். இரண்டாம் ஆட்டத்தின் விதி வேறு: கையிருப்பு இரட்டைப்படையாயின் 5 கொட்டை பெறலாம்; ஒற்றைப்படையாயின் 7 கொட்டை கொடுக்கவேண்டும். 100 என்பது இரட்டை. 5 பெற்று 105 ஆகின்றது. அஃது ஒற்றை, 7 இழந்து 98 ஆகின்றது. இங்ஙனம் இரு சுற்றுக்கு இரண்டாகக் குறைந்து, இவ்வாட்டமும் 100 சுற்றுகளில் நம்மை வெறுங்கையராக்கும்.

இனி, இரண்டாம் ஆட்டத்தை முன்னும் முதலாட்டத்தைப் பின்னுமாக மாறி மாறி ஆடுவோம். 100 இரட்டையாதலின் 105 ஆயிற்று. பின்னர் ஒன்று கொடுக்க 104 ஆயிற்று. அதுவும் இரட்டையே! மீண்டும் 5 பெற்று, ஒன்று கொடுக்க 108. இரு சுற்றுக்கு நான்காக ஏறி, 100 சுற்று முடிவிற் கையில் 300 கொட்டைகள் நிற்கும். இழப்பாட்டம் இரண்டும் கூடி ஊதியம் பயந்தமை காண்க. நாம் கொடுத்த அவ்வொரு கொட்டையே கையிருப்பை ஒற்றையினின்று இரட்டைக்கு மாற்றி, 7 கொட்டை இழக்கும் இடத்தினின்று நம்மைக் காத்தது. சிறிய இழப்பு பெரிய இழப்பிற்கு அணையாயிற்று என்க.

ஆனால் அம்முறையைத் தலைகீழாக்கி, முதலாட்டத்தை முன்னே ஆடிப் பார்மின். 100 முதலில் 99 ஆகும். ஒற்றையாதலின் 7 இழந்து 92 ஆகும். பின்னர் 91, 84 எனச் சரிந்து, 26-ஆம் சுற்றிற் கேட்கும் 7 கொட்டைக்கு நம்மிடம் 3 கொட்டையே எஞ்சும். கலப்பதனால் மட்டும் வெற்றி இல்லை. எவ்வொழுங்கிற் கலக்கின்றோம் என்பதும் உளது.

மேற்கூறியது முடிவு முன்னரே தெரிந்த ஆட்டம். அதிர்ஷ்டத்தைப் பற்றிய ஆட்டத்திலும் இவ்வியல்பு உண்டென 1996-ஆம் ஆண்டிற் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பௌதிக அறிஞர் ஹுவான் பரோண்டோ. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிரகரி ஹார்மர், டெரெக் அபட் என்னும் இருவர் 1999-இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் இதனை விளக்கினர். பரோண்டோவின் முரண்புதிர் என்று இது வழங்குகின்றது.

அவர் ஆட்டங்களும் இரண்டே. ஒவ்வொன்றிலும் நாணயம் சுண்டி, வென்றால் ஒரு ரூபாய் பெறுதலும் தோற்றால் ஒரு ரூபாய் கொடுத்தலும் வழக்கு. முதலாட்டத்து நாணயம் 1000 முறை சுண்டின் ஏறத்தாழ 495 முறையே நமக்கு வெல்லும். இரண்டாம் ஆட்டத்திற்கு நாணயம் இரண்டு. கையிருப்பு மூன்றால் மீதியின்றி வகுபடுமாயின் தீய நாணயத்தைச் சுண்டவேண்டும். அஃது ஆயிரத்துக்கு 95 முறையே வெல்லும். வகுபடாதாயின் நல்ல நாணயம். அஃது 745 முறை வெல்லும். நல்ல நாணயத்தைப் பெரும்பாலும் சுண்டுவோமாதலின் இவ்வாட்டம் ஊதியந் தருமென்று தோன்றும், தராது. ஏனெனில், ஆடுவோன் மூன்றின் மடங்காகிய அத்தீய இடத்திலேயே நூற்றுக்கு 38 முறை வந்து சிக்குகின்றான். மூன்றிலொரு பங்கே வருவானாயின் 33 முறைதான் ஆதல் வேண்டும்.

இவ்விரண்டையும் முறை பாராது, மனம்போனபடி சரிபாதியாகக் கலந்தாடினால் நிகழ்வது யாது? முதலாட்டம் ஆடுவோனை அத்தீய இடத்தினின்று அப்புறப்படுத்துகின்றது. நூற்றுக்கு 38 என்பது ஏறத்தாழ 35 ஆகக் குறைகின்றது. அச்சிறு குறைவே போதும்; 1000 ஆட்டத்திற்குச் சராசரி ஏறத்தாழ 16 ரூபாய் ஊதியம் கிடைக்கின்றது.

இதற்கு உவமை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1949-இல் நிறுவப்பெற்ற டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் மிதிவண்டிக்குப் பெயர்பெற்றது அம்பத்தூர். அம்மிதிவண்டியின் பின்சக்கரத்தில் ‘பிரீவீல்’ என்றோர் உறுப்புண்டு. அதனுள் சாய்ந்த பற்களும் அவற்றைத் தடுக்கும் சிறு நாக்கும் உள்ளன. மிதியை அரைச்சுற்று முன்னே தள்ளி, அரைச்சுற்றுப் பின்னே இழுத்துப் பார்மின்: கால் தொடங்கிய இடத்திற்கே மீள்கின்றது, வண்டியோ முன்னே சென்றுவிடுகின்றது. பரோண்டோவும் இத்தகைய பற்சக்கரம் ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியினின்றே தம் ஆட்டங்களை வகுத்தார். மூன்றின் மடங்கு என்னும் விதியே அவர் ஆட்டத்துப் பல். முதலாட்டம் அதனை அசைக்கும் கால்.

உயிர்களின் வாழ்விலும் இது நிகழலாம் எனச் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர் இருவர் 2017-இற் கணக்கிட்டுக் காட்டினர். தனித்தலையும் உயிர்கள் மெல்ல மெல்ல அழியும். கூடிவாழும் உயிர்களோ தம் இடத்து வளத்தைத் தின்று தீர்த்து அழியும். அலைதலும் கூடுதலும் காலமறிந்து மாறி வருமாயின், அலையுங் காலத்து நிலம் வளம்பெற, அவ்வினம் நிலைபெறும்.

இனி அவ்விளைஞர் வினாவிற்கு வருவோம். மேற்கூறிய எடுத்துக்காட்டு அனைத்திலும் ஒரு பொதுவியல்பு உண்டு: ஓர் ஆட்டத்தின் இழப்பு, மற்றோர் ஆட்டத்தின் நிலையை மாற்றுகின்றது. அப்பிணைப்பு இன்றேல் புதிரும் இல்லை. பரிசுச்சீட்டை நோக்குக. தமிழ்நாட்டில் 1968-இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு 2003-இற் சீட்டு விற்பனை தடைசெய்யப்பெறும்வரை நடைபெற்றது. வாங்குவோன் சட்டைப்பையில் எத்தனை ரூபாய் எஞ்சியது, அஃது ஒற்றையா இரட்டையா என்று குலுக்குச் சக்கரம் கேட்டதில்லை. கைப்பேசி ஆட்டமும் பந்தயமும் அத்தன்மையனவே. ஒன்றில் இழந்தமை மற்றொன்றன் வாய்ப்பை மயிரிழையும் திருத்தாது. நூற்றுக்குப் பத்து இழக்கும் ஆட்டத்தோடு நூற்றுக்கு ஐந்து இழக்கும் ஆட்டத்தை எவ்வொழுங்கிற் கலப்பினும், பத்திற்கும் ஐந்திற்கும் இடைப்பட்ட இழப்பே மிஞ்சும். இவ்வாட்டங்களால் விளைந்த கேடு கருதியே தமிழகச் சட்டமன்றம் 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் ரம்மியும் போக்கரும் திறமையாட்டமெனக் கொண்டு அவற்றைத் தடையினின்று விலக்கிற்று. 2025-இல் நாடாளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் செய்தது.

நம் பழங்கதைகளும் இதனையே காட்டுகின்றன. வடமொழிப் பாரதத்திலே தருமன் முதற்சூதில் நாடிழந்து, அது மீண்ட பின்னரும் மறுசூதாடிக் காடு புகுந்தான். எதிரே இருந்தவன் அதே சகுனி. ஆகலின் இரண்டாம் ஆட்டம் முதல் தோல்விக்கு மருந்தாகவில்லை. நளன் கதை வேறு. புட்கரனிடம் யாவும் இழந்த அவன், தேரோட்டியாய் இருந்த காலத்து இருதுபன்னனுக்குக் குதிரை நூலைக் கற்பித்து, அவனிடமிருந்து சூதின் மறையைக் கற்றான், பின்னரே வென்றான். தோல்வியோடு அவன் சேர்த்தது மற்றொரு தோல்வியன்று, அறிவேயாம்.

மீண்டும் அவ்விரயிலில் அவ்விளைஞரைக் காண நேருமாயின், ஒரு பிடி புளியங்கொட்டையை இருக்கையிற் பரப்பி, “அண்ணா, கணக்கு மெய்தான், ஆனால் அதற்கு இரு ஆட்டமும் ஒன்றையொன்று அறிந்திருக்கவேண்டும். உங்கள் கைப்பேசி ஆட்டங்கள் ஒன்றையொன்று அறியா, அவை உங்கள் ஊதியத்தை மட்டுமே அறியும்” என்று கூறுவோம். இழந்த மூன்று மாத ஊதியத்தை மீட்டுத்தரும் நான்காம் மாதம் அவ்வாட்டங்களில் இல்லை; அஃது அவர் நாளைக் காலையிற் செல்லும் தொழிற்பேட்டையில்தான் உளது.