வாசலில் நிற்பவரிடம் என்ன கேட்பது?



நினைவுச் சொற்பொழிவில் வாடகை வீட்டைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கக்கூடும். படிப்பு, அரசு வேலை, வங்கிக் கடன் என்று முன்னேறி, நம்மில் ஒரு பகுதியினர் முதல் தலைமுறையாக வீடு கட்டியிருக்கிறோம். மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுகிறோம். இதுவரை வாசலுக்கு வெளியே நின்று பதில் சொல்லிப் பழகிய நாம், இப்போது உள்ளே நின்று கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பது அரசியல் கேள்விதான்.

அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அவருடைய பட்டங்களோ பதவியோ அங்கே உதவவில்லை.

நூறாண்டு ஆகியும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் தொலைபேசியில் வாடகை வீடு கேட்டு நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. தலித் பெயரில் கேட்டவர்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்கும், முஸ்லிம் பெயரில் கேட்டவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும் வீடு மறுக்கப்பட்டது. நம் ஊரில் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்பார்கள். "கவுச்சி சமைப்பீங்களா?" என்பார்கள். கடை, உணவகம், தங்கும் விடுதி போன்ற இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் வீட்டுக்காரரின் மனச்சாட்சியை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது. இப்போது அந்த வீட்டுக்காரர் நாம்.

வீட்டுக்காரருக்கு நியாயமான கவலைகள் உண்டு. வாடகை மாதாமாதம் வருமா? வீட்டைச் சேதப்படுத்தாமல் வைத்திருப்பார்களா? சொன்ன தேதியில் காலி செய்வார்களா? கடன் தவணையை வாடகையை நம்பிக் கட்டுகிறவருக்கு இவை சின்னக் கவலைகள் அல்ல. ஆனால், இவற்றில் எதற்கும் சாதியிலோ மதத்திலோ பதில் இல்லை. வேலை என்ன, வருமானத்துக்கு என்ன சான்று, எத்தனை பேர் குடியிருப்பார்கள், முன்பிருந்த வீட்டுக்காரரிடம் பேசலாமா என்ற நான்கு கேள்விகள் போதும். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வருகிற எல்லாரிடமும் அவற்றையே கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத கட்டடத் தொழிலாளியிடம் வங்கிப் பாஸ்புக்கைப் பார்க்கலாம். முன்பு வாடகை கட்டிய ரசீதைக் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

நாய், பூனை வளர்ப்பவர்கள் வந்தால் என்ன செய்வது என்று நம் தோழர்கள் கேட்கிறார்கள். நாய் இருக்கிறது என்பதற்காகவே மாதந்தோறும் தனித்தொகை வாங்குவது சேதம் நடக்கும் முன்பே தண்டம் வாங்குவதாகும். அட்வான்ஸ் இருப்பதே சேதத்துக்குத்தான். 8,000 ரூபாய் வாடகைக்கு 24,000 ரூபாய் அட்வான்ஸ் கையில் இருக்கிறது. கதவை நாய் பிறாண்டியிருந்தால் தச்சருக்குக் கொடுத்த கூலியை ரசீதுடன் கழிக்கலாம். குடிவரும் நாளிலேயே சுவர், கதவு, தரையைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் பின்னால் வழக்கு இருக்காது. தடுப்பூசிச் சான்று, மாடிப்படியைச் சுத்தமாக வைப்பது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதலாம். விலங்கே வேண்டாம் என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒருவரின் நாயை ஏற்றுக்கொண்டு, இன்னொருவரைத் தட்டிக்கழிக்க நாயைக் காரணம் காட்டினால், அது "கவுச்சி சமைப்பீங்களா?" என்ற கேள்வியின் இன்னொரு வடிவம்தான்.

சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலைத் தந்துதான் அது நிலைக்கிறது. துப்புரவுப் பணி செய்யும் அருந்ததியர் குடும்பம், ஒரு முஸ்லிம் குடும்பம், ஒரு திருநங்கை, வடமாநிலத் தொழிலாளர்கள் என்று நம் மாடியைக் கேட்டு வருவார்கள். "அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்லுவாங்க" என்ற பதில் நம் நாக்கின் நுனியில் இருக்கும். நம்மைத் திருப்பி அனுப்பியவர்களும் அதையேதான் சொன்னார்கள். இங்கே வந்திருக்கும் வீட்டுக்காரத் தோழர்கள், அடுத்த முறை வாடகைப் பலகை மாட்டும் முன்பு அந்த நான்கு கேள்விகளையும் தாளில் எழுதிவிடுங்கள். மாணவத் தோழர்கள், உங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுத வையுங்கள்.