ஏலக்காய் உலர்த்த கரண்டா, கேஸா?

(மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல்)



போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய் வாசம்தான். ஸ்பைசஸ் போர்டின் ஏலம் நம்ம போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது. ஏலத்தில் வியாபாரி முதலில் பார்ப்பது காயின் பருமனும் பச்சை நிறமும்தான். பருமன் செடி கொடுப்பது. நிறத்தைக் காப்பாற்ற வேண்டியது காய வைக்கிற அடுப்பு!

பெரிய தோட்டங்களில் விறகு எரித்து, இரும்புக் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் ‘ஸ்டோர்’ உண்டு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள் வீட்டோடு ஒரு சின்ன டிரையர் இருந்தால் போதும் என்பார்கள். குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் என் தாய்மாமா, “மாப்ளே, நீதான் டிப்ளமா படிக்கிறியே, கரண்ட்ல ஓடுறதை வாங்கவா, கேஸ்ல ஓடுறதை வாங்கவா?” என்று கேட்டார். அவருக்காகப் போட்ட கணக்கு இது.

எவ்வளவு சூடு வேண்டும்?

பச்சைக்காயில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். அதை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 100 கிலோ பச்சைக்காய் போட்டால் 22 கிலோ காய்ந்த காய் வரும். 78 கிலோ தண்ணீர் ஆவியாகப் போகும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2.4 மெகாஜூல் வேண்டும். ஆக 187 மெகாஜூல், அதாவது 52 யூனிட். சூட்டில் பாதி வெளியேறும் காற்றோடு போய்விடும் என்று வைத்தால் 104 யூனிட். இதை 20 மணி நேரத்தில் கொடுக்க 5 கிலோவாட்டுக்கு மேல் தேவை. சீக்கிரம் முடிக்கலாமே என்று சூட்டை ஏற்றக் கூடாது. 45 முதல் 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மீறினால் பச்சை வெளுக்கும், வாசனை எண்ணெயும் போய்விடும்.

கரண்ட் டிரையர்

புகை இல்லை, சாம்பல் இல்லை. தெர்மோஸ்டாட் சூட்டை அப்படியே பிடித்து வைக்கும். ஆனால் சிங்கிள் பேஸில் 5.2 கிலோவாட் என்றால் 22 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம்ம வீட்டு 15 ஆம்பியர் பிளக் தாங்காது. த்ரீ பேஸ் இருந்தால் பேஸுக்கு ஏழரை ஆம்பியர்தான், கவலையில்லை.

இன்னொன்று வோல்டேஜ். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் 230-க்குப் பதில் 180 வந்தால், சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். அதாவது 61 சதவீதம்தான் கிடைக்கும். நடுராத்திரியில் கரண்ட் போனால் இன்னும் மோசம். பாதி காய்ந்த காய் வியர்த்து, நிறம் மாறி, பூஞ்சையும் பிடிக்கும். அந்தப் பறிப்பின் கூலியும் உழைப்பும் ஒரே ராத்திரியில் வீண்.

கேஸ் டிரையர்

ஒரு கிலோ கேஸில் சுமார் 13 யூனிட் சூடு இருக்கிறது. ஆனால் தீயை நேராகக் காய்க்கு அடியில் வைக்கக் கூடாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். காய வைக்கிற இடத்திலேயே ஈரம் சேர்க்கலாமா? அதனால் எரிந்த புகை தனியாகவும், சூடான காற்று தனியாகவும் போகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அதில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் கிலோவுக்கு 10 யூனிட் நிற்கும். 100 கிலோ காய்க்குச் சுமார் பத்தரை கிலோ கேஸ்.

சமையல் சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது; 19 கிலோ வணிக சிலிண்டர்தான். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காமல் வெளியே காற்றோட்டமாக வையுங்கள். காவலுக்கென்று டிரையர் அறைக்குள் யாரும் படுக்கவும் கூடாது.

முடிவு என்ன?

செலவுக்கு ஒரு சுலபமான வழி: கேஸின் கிலோ விலையை 10-ஆல் வகுங்கள். வருவது உங்கள் கரண்ட் யூனிட் விலையைவிடக் குறைவு என்றால் கேஸ் லாபம், அதிகம் என்றால் கரண்ட் லாபம்.

ஆனால் விலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேஸ் டிரையரில் கரண்ட் வேண்டியது காற்றாடிக்கு மட்டும்தான். அதை ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஓட்டிவிடும். 5 கிலோவாட் ஹீட்டரை ராத்திரி முழுக்க எந்த வீட்டு இன்வெர்ட்டரும் ஓட்டாது. எனவே த்ரீ பேஸும் நிலையான சப்ளையும் உள்ள போடி டவுன்காரர்களுக்குக் கரண்ட் டிரையர் வசதி. மலைச்சரிவில் சிங்கிள் பேஸில் இருப்பவர்களுக்குச் சூட்டுக்குக் கேஸ், காற்றுக்கு இன்வெர்ட்டர். மாமாவுக்கும் இதைத்தான் சொன்னேன்.

நண்பர்களே, உங்க வீட்டிலும் இப்படிக் கேட்பார்கள். மெஷினைப் பார்க்கும் முன்னே வீட்டுக்கு வருகிற ஒயரைப் பாருங்கள், மீட்டரை எடுத்து வோல்டேஜை அளந்து பாருங்கள். நாம் லேபில் படித்தது நம்ம ஊர்த் தோட்டத்துக்கும் உதவட்டும்.