முற்றமே முதற்பள்ளி

அங்கன்வாடி என்னும் பெயரிலேயே முற்றம் அடங்கியிருக்கின்றது. மராத்தி மொழியில் ‘அங்கண்’ என்பது வீட்டு முன்றிலைக் குறிக்கும். 1945-ஆம் ஆண்டு அன்றைய பம்பாய் மாகாணத்திலுள்ள போர்டி கிராமத்தில் பணி தொடங்கிய தாராபாய் மோடக் அம்மையார், வார்லிப் பழங்குடிக் குழந்தைகள் பள்ளியை நாடி வாராமை கண்டு, பள்ளியையே அவர்தம் குடிசை முற்றங்களுக்குக் கொண்டு சென்றார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்கள் இப்பெயரையே பெற்றன.

ஆயினும் முற்றமே இல்லாத நிலையங்கள் இன்று பல உள்ளன. முற்றம் உள்ள இடங்களிலும், “பிள்ளை எழுத்துப் படித்ததா?” என்று பெற்றோர் வினவுவதால், குழந்தைகள் பலகையின் முன் அமர்த்தப்படுகின்றனர். பாடம் முடிந்து எஞ்சிய பொழுதே விளையாட்டுக்கு உரியதெனக் கருதப்படுகின்றது. இக்கருத்து திருத்தப்பட வேண்டியதாகும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்குத் திறந்தவெளி விளையாட்டும் பாடமே.

மணலைத் தோண்டுதல், கயிற்றைப் பற்றித் தொங்குதல், பந்தை எறிதல் ஆகிய செயல்களால் தோள், மணிக்கட்டு, விரல்கள் ஆகியவை வலுப்பெறுகின்றன. எழுதுகோலை ஆளுவதற்கும் இவ்வலுவே துணை செய்கின்றது. கூழாங்கற்களைப் பங்கிடும் குழந்தை எண்ணுவதற்குப் பழகுகின்றது. ஊஞ்சலில் தன் முறைக்காகக் காத்திருக்கும் குழந்தை பொறுமையைக் கற்கின்றது. முறை தவறியவரிடம் வாதிடுங்கால் சொல்வளமும் பெறுகின்றது.

கண்களுக்கு விளையும் நன்மையும் கருதத்தக்கது. அறையின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவினதே. வெயில் நாளில் வெளியில் அது பல்லாயிரம் லக்ஸ் ஆகும். மிகுந்த ஒளி விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளுவதைத் தடுக்கின்றது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்பு மாணவர்க்கு ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் கழிக்க வகை செய்யப்பட்டது. மூன்றாண்டுகளில் அவர்களுள் 30.4 சதவிகிதத்தினர்க்கும், வழக்கம்போல் பயின்றவருள் 39.5 சதவிகிதத்தினர்க்கும் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியது. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் குறைந்தது 180 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடமேனும் ஓடியாடும் வேகமான இயக்கமாக இருத்தல் வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் பரிந்துரைத்தது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மணற்குவியல், பழைய டயர், கயிறு, துணிப்பந்து ஆகியவை போதும். முற்றமில்லாத நிலையத்தினர் அருகிலுள்ள பள்ளி மைதானத்தையோ மரத்தடியையோ பயன்படுத்தலாம். ஊழியர் கவனிக்க வேண்டியவை சில:

1. கடும் வெயிலைத் தவிர்த்துக் காலை வேளையைத் தேர்ந்து, குடிநீர் அருகில் வைத்தல்.
2. கிணறு, குட்டை, சாலை ஆகியவற்றிற்கு அப்பால் இடம் தெரிந்து, குழந்தைகள் எப்பொழுதும் கண்பார்வையில் இருக்கச் செய்தல்.
3. நாய், பூனை அசுத்தம் செய்யாதவாறு மணலை இரவில் மூடி வைத்தல். விளையாடிய பின் சோப்பிட்டுக் கை கழுவுவித்தல்.
4. பெண் குழந்தைகளையும் உடற்குறையுள்ள குழந்தைகளையும் ஒதுக்காது சேர்த்துக்கொள்ளுதல்.

பெற்றோரின் ஐயத்தை வாதத்தினும் காட்சியே விரைவில் நீக்கும். மாதம் ஒருமுறை தாய்மாரை விளையாட்டு வேளையில் வரவழைத்து, ஒவ்வொரு குழந்தையும் சென்ற மாதம் செய்ய இயலாது இம்மாதம் செய்வது யாது என்பதைச் சுட்டிக் காட்டுக. ஒற்றைக் காலில் நிற்கவும், பந்தைப் பிடிக்கவும், பத்துக் கற்களை எண்ணவும் தன் பிள்ளை கற்றதை நேரிற் கண்ட தாய், விளையாட்டு வேளையை வீண்பொழுதென எண்ணாள்.