புதைந்த லாண்ட்மாஸ்ரரும் ஒரு சிறிய வின்சும்

மாரி மழைக்குப் பிறகு குளத்துக்குக் கீழான வயற்பாதைகள் என்ன கோலத்தில் கிடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நெல்மூடைகளை ஏற்றிய பெட்டியோடு லாண்ட்மாஸ்ரர் அச்சு மட்டத்துக்குப் புதைந்துவிட்டால், முன்பெல்லாம் ஒரு கூவலுக்குப் பத்துப்பேர் வந்து தோள் கொடுப்பார்கள். இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் திரும்பிய ஊர்களில் நிலைமை அப்படியில்லை. அயல் வளவு பற்றையாய்க் கிடக்கிறது. பெரிய உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தால், அன்றைய சுமையில் கிடைக்கும் இலாபம் அந்த வாடகைக்கே போய்விடுகிறது.

இந்த நிலையில்தான், கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பிய பெட்டியொன்று நாம் அறிந்த கமக்காரக் குடும்பமொன்றுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தது ஒரு மின்சார வின்ச். நியூசிலாந்து போன்ற நாடுகளின் பண்ணைகளில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்பட்டது. அந்த வாகனம் கைபிடியால் திருப்பப்படுவது. பருத்த ரயர்களோடு சேற்றிலும் மேட்டிலும் ஓடும். அதற்கும் புதைவது வழக்கம் என்பதால் முன்னால் வின்ச் பூட்டிக்கொள்கிறார்கள்.

"உந்தச் சின்னச் சாமான் எங்கட மிசினை இழுக்குமோ தம்பி?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடற்கரைப் பக்கம் போனவர்கள், கரைவலை இழுக்க உழவு இயந்திரத்தில் பூட்டிய பெரிய வின்சைக் கண்டிருப்பார்கள். (அதனால் எழுந்த வாக்குவாதங்கள் வேறு கதை.) இதுவோ ஒருவர் ஒரு கையில் தூக்கக்கூடியது.

பெட்டியின்மேல் 2500 இறாத்தல் என்று எழுதியிருந்தது. ஏறத்தாழ 1130 கிலோ. ஆனால் அந்த இழுவை, உருளையில் கம்பிக் கயிறு ஒரேயொரு சுற்றுப்படையாக இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். படைமேல் படையாகச் சுற்றிக்கொள்ளக்கொள்ள இழுவை குறையும். வாகனமும் சுமையும் சேர்ந்த நிறையின் ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு தொன் நெல்லை ஏற்றிய பெட்டிக்கு இது போதாது. ஆகவே முதலில் மூடைகளை இறக்கத்தான் வேண்டும். அந்தச் சிரமத்தை எந்த வின்சும் தீர்க்காது.

பூட்டும் வேலைக்கு ஊர் வெல்டிங் கடை போதுமானதாக இருந்தது. 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டை லாண்ட்மாஸ்ரரின் முன் சட்டத்தில் ஒட்டி, அதன்மேல் வின்சைப் போல்ற் போட்டு இறுக்கினோம். தலையில் 8.8 என்று பொறித்த போல்ற்றுகளையே வாங்கினோம். சாதாரண போல்ற் அறுந்தால் வின்சே எகிறிப் பறக்கும். வின்சின் உடலில் வெல்டிங் நெருப்புப் படக்கூடாது. கயிறு உருளையின் அடிப்பக்கத்தால், அதாவது தகட்டை ஒட்டி, வெளியே வரவேண்டும். மறுவளமாகச் சுற்றினால் உள்ளேயுள்ள பிறேக் பிடிக்காது. பாரமும் தகட்டை நெம்பும். முன்னால் உருளிகள் கொண்ட வழிகாட்டிச் சட்டம் உருளையின் நடுவுக்கு நேரே இருக்கவேண்டும்.

பற்றறி விடயத்தில் நாம் பிழை விட்டோம். இத்தகைய வின்ச் முழுப்பாரத்தில் 100 அம்பியருக்கு மேல் இழுக்கும். எமது லாண்ட்மாஸ்ரரோ கைபிடியால் சுற்றி ஸ்ரார்ட் செய்வது, பற்றறியே கிடையாது. ஒரு பழைய கார்ப் பற்றறியைப் பின்பெட்டியில் வைத்து, கையிலிருந்த மெல்லிய வயரால் தொடுத்தோம். வின்ச் முனகியது, வயர் சுட்டது, இழுவை வரவில்லை. பெட்டியோடு வந்த தடித்த வயரே எட்டும்படி, பட்டிக்கும் புகைக்குழாய்க்கும் விலகி முன்பக்கம் ஒரு இரும்புக் கூடை செய்து, பற்றறியை அதில் இறுக்கிய பின்னரே அது உயிர் பெற்றது. பற்றறிக்குப் பக்கத்திலேயே இணைப்பைத் துண்டிக்கும் சுவிச் ஒன்றும் வைத்தோம். நல்ல 60 அம்பியர்-மணிப் பற்றறி சில இழுவைகளுக்குத் தாங்கும். பிறகு வீட்டில் சார்ஜ் ஏற்றவேண்டும். மோட்டர் சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள். இன்னொன்று: முன்பக்கம் பாரம் கூடிவிட்டதால், பெட்டியைக் கழற்றினால் மெசின் மூக்குக் குத்தப் பார்க்கும். கழற்றும் முன் முட்டுக் கொடுங்கள்.

புதுக் கயிற்றை ஒருமுறை முழுவதும் விரித்து, சிறு பாரத்தோடு இழுத்தபடி மீண்டும் சுற்றவேண்டும். தொய்வாய்ச் சுற்றிய கயிறு, பாரம் விழும்போது கீழ்ப்படைக்குள் புதைந்து நசிந்துவிடும். இழுக்கும்போது உருளையில் குறைந்தது ஐந்து சுற்றாவது மிஞ்சியிருக்கவேண்டும்.

இனி எதில் கட்டி இழுப்பது? கயிறு 50 அடி. பாதையோரத்தில் மரமில்லாவிட்டால், நல்ல மரமொன்றைத் தேடிப் பற்றைக்குள் காலை வைக்க மனம் உன்னும். எமது பிரதேசங்களில் உயிராபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் வடக்கில் அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. துப்புரவு செய்ததாக உறுதிப்படுத்தப்பட்ட நிலத்துக்கு வெளியே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அடிகூடப் போகவேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது மட்டும் உறுதியல்ல. மீளக்குடியேறிய காணிகளில் பழைய மரக்குற்றிகளை இந்த வின்சால் பிடுங்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். குற்றி வேரோடு எதைக் கிளப்பும் என்று யாருக்குத் தெரியும்?

மரம் இல்லாத இடத்தில், நன்கு தெரிந்த நிலத்தில், மூன்றடி ஆழமாகக் குறுக்குக் கிடங்கு வெட்டி ஒரு பனங்குற்றியைப் புதைத்து, அதில் சங்கிலி கட்டிச் சரிவாக வெளியே எடுக்கலாம். வேலை அதிகம், ஆனால் அசையாது. மரத்தில் கட்டுவதென்றால் கம்பியை நேரே சுற்றாமல், லொறிப் பட்டியால் அடிமரத்தில் கட்டுங்கள். கொழுக்கியை அதே கயிற்றில் திருப்பி மாட்டினால் கம்பி நைந்துபோகும்.

கம்பி அறுந்தால் சவுக்குப் போலத் திரும்பி அடிக்கும். நனைந்த சாக்கு இரண்டைக் கயிற்றின்மேல் போட்டால் அந்த அடி தணியும். சிறுவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள். கயிற்றைத் தாண்டுவதோ, ஓடும்போது கையால் பிடிப்பதோ வேண்டாம். கையுறை அவசியம்.

அறுவடை முடிந்த மாலை ஒன்றில் அந்தக் குடும்பத்தின் மெசின் வாய்க்காலோரம் புதைந்தது. நேரே இழுத்தபோது அசையவில்லை. மூடைகளை இறக்கி, மருதமரத்தில் கப்பி மாட்டி, கயிற்றை அதனூடே திருப்பிக்கொண்டு வந்து மெசினின் சட்டத்திலேயே கொழுவினோம். இப்படிச் செய்தால் இழுவை ஏறக்குறைய இரு மடங்கு. எட்டும் தூரமும் வேகமும் பாதி. மெசின் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பெரியவர் தூரத்தில் குந்தியிருந்து சுருட்டைப் புகைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் மேட்டில் ஏறியதும் எழுந்து வந்து, முதல் மூடையைத் தானே பிடித்துத் தூக்கினார். இருட்டுமுன் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம்.